65 வாசலில்: மெடிகேப் ஜி-யா, என்-ஆ, இல்லை ஜீரோ பிரீமியம் அட்வான்டேஜா?

மலைக்கோட்டை65 | ஜனவரி 10, இரவு 9.14

வணக்கம். ஏழெட்டு வருடமாக இங்கே வந்து வாசித்துவிட்டு ஓசைப்படாமல் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வரும் ஏப்ரலில் எனக்கு 65. மார்ச் 31-ஓடு வேலையிலிருந்து ஓய்வு. இருப்பது டெக்சாஸ், பிளேனோவில். சர்க்கரை பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. 2021-ல் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மற்றபடி காலையில் மூன்று மைல் நடக்கிறேன், மூட்டு ஒத்துழைக்கிறது. இனி வருடத்தில் நாலு மாதம், மார்கழி தொடங்கி பங்குனி வரை, ஸ்ரீரங்கத்து வீட்டில் இருப்பதாகத் திட்டம்.

65 ஆனவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். அஞ்சல் பெட்டியைத் திறந்தால் கட்டுக்கட்டாக அதன் விளம்பரம். ஊராக இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடமாவது வாங்கியிருக்கலாம். போன வாரம் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து மூன்று வழி சொன்னார். மெடிகேர் விட்டுவைக்கிற மிச்சத்தைக் கட்டும் தனியார் காப்பீடான மெடிகேப்பில் பிளான் ஜி என்றால் மாதம் 152 டாலர். பிளான் என் 114. இல்லையென்றால் மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக எடுக்கிற மெடிகேர் அட்வான்டேஜ், பிரீமியம் பூஜ்யம், கூடவே பல்லும் கண்ணாடியும் இலவசம். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தனி மலர்ச்சி.

ஜி எடுத்தால் வருடத்துக்கு 1,824 டாலர். "சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு இதை எதற்குக் கட்ட வேண்டும்?" என்று வீட்டம்மா கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காஃபி_டபரா | ஜனவரி 10, இரவு 9.52

சார், நான் ஹூஸ்டன். அட்வான்டேஜில் இது நாலாவது வருடம். மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்கு 2026-ல் பெரும்பாலோர் மாதம் கட்டுகிற 202 டாலர் 90 சென்ட் தவிர ஒரு காசு கட்டவில்லை. போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தேன், கண்ணுக்கு 250 டாலர் ஆயிற்று. பல் சுத்தம் செய்வது இலவசம், ஜிம் இலவசம். மாத்திரை பிளானும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. கட்டாத காசு சம்பாதித்த காசு. உங்கள் வீட்டம்மா பக்கம்தான் என் ஓட்டு.

பில்லிங்_அக்கா | ஜனவரி 11, காலை 7.30

நான் இதய மருத்துவர்கள் கிளினிக் ஒன்றில் பில்லிங் பார்க்கிறேன், பதினாலு வருடம். மருந்து எழுதுவது டாக்டர், திட்டு வாங்குவது நாங்கள்.

முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள் அண்ணா. ஒரிஜினல் மெடிகேரில், அதாவது அரசே நேரடியாக நடத்துவதில், இரண்டு பெரிய ஓட்டை. பார்ட் ஏ ஆஸ்பத்திரிக்கானது. படுத்தால் முதலில் உங்கள் கையிலிருந்து 1,736 டாலர் போகும், இது 2026 கணக்கு. வருடத்துக்கு ஒரு தடவை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து 60 நாள் தாண்டி மறுபடி படுத்தால் மறுபடி 1,736.

பார்ட் பி டாக்டர், ஸ்கேன், டயாலிசிஸ், நரம்பில் ஏற்றுகிற கேன்சர் மருந்து எல்லாவற்றுக்கும். முதல் 283 டாலர் உங்களுடையது. அதற்கு மேல் 80% மெடிகேர், 20% நீங்கள். இந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. மெடிகேர் 10,000 டாலர் என்று ஒத்துக்கொண்ட ஊசிக்கு 2,000 உங்களுடையது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த மிச்சத்தைக் கட்டுவதற்குத்தான் மெடிகேப்.

டபரா சார் சொல்கிற அட்வான்டேஜ் வேறு வண்டி. மெடிகேரை ஒரு கம்பெனி கையில் ஒப்படைத்துவிட்டு அவர்களோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களின் நெட்வொர்க்குக்குள் வைத்தியம் பார்த்துக்கொள்வது. அங்கே உச்சவரம்பு உண்டு, 2026-ல் நெட்வொர்க்குக்குள் அதிகபட்சம் 9,250 டாலர். பல பிளான்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் பெரிய டெஸ்ட் என்றால் முன்னனுமதி வேண்டும். என் வேலை நேரத்தில் பாதி அந்த அனுமதிக்காகப் போனில் இசை கேட்டுக்கொண்டே கழிகிறது.

இன்னொன்று, பிளானை விடப் பெரிய விஷயம். எங்கள் பெரியப்பா இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நாலு ராத்திரி இருந்தார். கட்டில், சலைன், கையில் பட்டை எல்லாம் உண்டு. ஆனால் ஏட்டில் அவர் உள்நோயாளியே இல்லை, "அப்சர்வேஷன்", அதாவது கண்காணிப்பில் மட்டும் இருப்பவர். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள், அவர் படிக்காமல் போட்டுவிட்டார். பிறகு நடை பழக ரிஹாப் மையத்தில் 18 நாள். உள்நோயாளியாக மூன்று நாள் இருந்திருந்தால்தான் மெடிகேர் அதற்குக் கொடுக்கும். கொடுக்கவில்லை. அவரிடம் பிளான் ஜி இருந்தது, அதுவும் கொடுக்கவில்லை. மெடிகேர் ஒத்துக்கொள்ளாத பில்லை மெடிகேப் திரும்பியும் பார்க்காது. யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் முதல் நாளே கேளுங்கள்: இன்பேஷன்ட்டா, அப்சர்வேஷனா?

காஃபி_டபரா | ஜனவரி 11, காலை 8.05

அக்கா, அந்த மூன்று நாள் விதியை அட்வான்டேஜ் பிளான்கள் பலவும் தள்ளுபடி செய்கின்றன. என்னுடையதிலும் அப்படித்தான். எனக்கு ஒரு மார்க் போடுங்கள்.

பில்லிங்_அக்கா | ஜனவரி 11, காலை 8.11

போட்டாயிற்று. அந்த ரிஹாப் அனுமதியை எத்தனை நாளில் நிறுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

எடிசன்_மருமகள் | ஜனவரி 11, காலை 10.40

இழைக்குள் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். மாமனார் மாமியார் 2022-ல் கிரீன் கார்டில் வந்தார்கள், இருவருக்கும் 70 தாண்டிவிட்டது. என் கணவர் இருபது வருடமாக மெடிகேர் வரி கட்டுகிறார். அதை வைத்து அவர்களுக்கு மெடிகேர் கிடைக்குமா? மெடிகேப்?

கணக்குப்பிள்ளை_ஓய்வு | ஜனவரி 11, பகல் 12.25

எடிசன் அம்மாவுக்கு முதலில். பிள்ளை கட்டிய வரி பெற்றோருக்கு உதவாது. தாங்களோ வாழ்க்கைத்துணையோ இங்கே பத்து வருடம், அதாவது 40 காலாண்டு, வேலை செய்திருந்தால்தான் பார்ட் ஏ இலவசம். இல்லாதவர்கள் கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்த பிறகு விலைக்கு வாங்கலாம். பார்ட் ஏ மாதம் 565, பார்ட் பி 202.90, ஆளுக்கு 767.90 டாலர். இருவருக்கு 1,535.80. மெடிகேப் வாங்க ஏ, பி இரண்டும் வேண்டும். 2027 வரை மார்க்கெட்பிளேஸ் பிளான், அதாவது அரசுச் சந்தைத் தளம் வழியாக வாங்கும் தனியார் காப்பீடு, பாருங்கள். ஐந்து வருடம் முடிகிற மாதத்தைச் சுற்றி ஏழு மாத அவகாசம் வரும், அதைத் தவற விடாதீர்கள்.

இப்போது மலைக்கோட்டையாருக்கு. நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் விலை போடுகிற வேலையில் இருந்தவன், ஹார்ட்ஃபோர்டில். ஒரே ஒரு விஷயம் உங்கள் மனதில் ஏறினால் போதும். எந்த பிளான் என்பது இரண்டாவது கேள்வி. எப்போது என்பதுதான் முதல் கேள்வி.

65 ஆகி, பார்ட் பி தொடங்குகிற மாதத்திலிருந்து ஆறு மாதம். உங்களுக்கு ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. இந்த ஆறு மாதத்தில் எந்த மெடிகேப் கம்பெனியும் உங்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சர்க்கரையைக் காட்டி விலையை ஏற்றவும் முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஆறு மாதம் வரை காத்திருக்கச் சொல்ல விதியில் இடம் உண்டு. ஆனால் உங்களுக்கு ஆபீஸ் இன்சூரன்ஸ் இடைவெளி இல்லாமல் ஓடியிருப்பதால் அதுவும் அடிபட்டுப் போகும்.

அக்டோபர் 1-ம் தேதி கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் உடல்நிலைக் கேள்வித்தாள் வரும். நான் அந்தக் கேள்வித்தாள்களோடு குடித்தனம் நடத்தியவன். சர்க்கரையும் ஸ்டென்ட்டும் சேர்ந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் மரியாதையாக ஒரு மறுப்புக் கடிதம் வரும். உங்கள் ஸ்டென்ட் இந்த ஆறு மாதத்துக்கு யார் கண்ணிலும் படாது. 67 வயதில் எல்லார் கண்ணிலும் படும்.

அட்வான்டேஜை வருடா வருடம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உடல்நிலை கேட்க மாட்டார்கள். ஆக மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்குப் போக என்றும் வழி உண்டு. அங்கிருந்து இங்கே வருவதுதான் சிரமம். வீட்டம்மாவின் கேள்விக்கு இதுதான் என் பதில். நான் இருக்கிற கனெக்டிகட்டிலும் பக்கத்து நியூயார்க்கிலும் வருடம் முழுக்க மறுக்காமல் கொடுக்க வேண்டும் என்று சட்டம், அதற்கேற்ற விலையும் உண்டு. கலிஃபோர்னியா, ஓரிகானில் ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர்கள் பிறந்தநாளை ஒட்டி இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். டெக்சாஸ்காரர் அதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காஃபி_டபரா | ஜனவரி 11, பகல் 1.02

ஐயா, பயமுறுத்துகிறீர்கள். 65-ல் முதல் தடவையாக அட்வான்டேஜ் எடுத்தவன் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடலாம் என்று எனக்குச் சொன்னார்களே?

கணக்குப்பிள்ளை_ஓய்வு | ஜனவரி 11, பகல் 1.30

உண்மைதான். முதல் 12 மாதம் சோதனை ஓட்டம், அதற்குள் திரும்பினால் மெடிகேப் கொடுத்தே ஆக வேண்டும். பிளானையே உங்கள் ஊரில் மூடிவிட்டாலும் 63 நாள் அவகாசம் உண்டு. நீங்கள் நாலாவது வருடம் என்றீர்கள். உடம்பு நன்றாக இருக்கிற வரை ஒரு குறையும் வராது, வர வேண்டாம்.

காஃபி_டபரா | ஜனவரி 11, பகல் 1.34

சரி. டபராவை ஆற்றிக் குடிக்கிறேன்.

ஒரு_வார்த்தை | ஜனவரி 11, மாலை 4.15

அம்மா மே மாதம் ஆறு மாதத்துக்கு வருகிறார், டூரிஸ்ட் விசா. இந்த பிளான் ஜி அவருக்கு எடுக்கலாமா?

மட்டுறுத்துநர் | ஜனவரி 11, மாலை 4.40

முடியாது. அவருக்கு விசிட்டர் இன்சூரன்ஸ், அதற்கென்று தனி இழை இருக்கிறது. உங்கள் கேள்வியை அங்கே நகர்த்திவிட்டேன். மற்றவர்களும், கோவில் ஹாலில் செமினார் நடத்தும் ஏஜென்ட் பெயர்களை இங்கே போட வேண்டாம். சாப்பாடு போட்டு பிளான் விற்கக் கூடாது என்று மெடிகேர் விதியே இருக்கிறது, நொறுக்குத்தீனியோடு சரி.

காவிரிக்கரை | ஜனவரி 11, இரவு 10.20

ஸ்ரீரங்கம் என்று பார்த்ததும் நின்றுவிட்டேன். வெளிநாட்டு விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லை. ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெடிகேப் ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சை உண்டு. முதல் 250 டாலர் நம்முடையது, அதற்கு மேல் 80% அவர்கள், வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் ஆரம்பித்த அவசரத்துக்கு மட்டும்.

நான் இதை வாங்கியே பார்த்தவன். 2025 வசந்தத்தில் திருச்சி போனபோது நாற்பத்தோராவது நாள் கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு. கிணறு தூர்ந்து இருபது வருடம் ஆகிறது, பாசி மட்டும் பாக்கி. ஆபரேஷனோடு பில் 3,40,000 ரூபாய். டாலர் 85 ரூபாய் இருந்த சமயம், ஆக 4,000 டாலர். அதில் 250 கழித்து, 3,750-க்கு 80%, எனக்கு வந்தது 3,000.

வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், நாலு மாதம் ஆயிற்று. முழுக் காசையும் முதலில் நாமே கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் "மருந்துகள்: 61,400" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை இங்கே யாரும் ஏற்கவில்லை. மச்சினன் இரண்டு தடவை பைக்கில் போய், ஒவ்வொரு ஊசிக்கும் தேதியோடு பிரித்து எழுதி, சீல் வைத்து வாங்கி அனுப்பினான். டிஸ்சார்ஜ் சம்மரியில் "அவசரமாகச் சேர்க்கப்பட்டார்" என்ற வரி இருக்கிறதா என்று ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். மூட்டு மாற்று ஆபரேஷனை ஊரில் வைத்துக்கொண்டு இதில் போடலாம் என்று கனவு காணாதீர்கள். அது திட்டமிட்ட சிகிச்சை, செல்லாது.

நாலு மாதம் இருந்தால் 61-ம் நாள் முதல் நீங்கள் வெறுங்கை. அதற்குத் தனியாகப் பயணக் காப்பீடோ, கையிருப்போ பார்த்துக்கொள்ளுங்கள். அட்வான்டேஜ்காரர்களுக்கு இன்னொன்று: உங்கள் ஏரியாவை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் போனால் பொதுவாகப் பிளானிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

மலைக்கோட்டை65 | ஜனவரி 12, காலை 6.50

ராத்திரி இரண்டு மணி வரை இந்த இழையைத்தான் படித்தேன். அட்வான்டேஜ் கழன்றுவிட்டது, டபரா சார் கோபிக்க வேண்டாம். மீதி இருப்பது ஜி-யா, என்-ஆ. மாதம் 38 டாலர் வித்தியாசம்.

எஃப் என்று ஒன்று இருந்ததாம், எல்லாவற்றையும் கட்டுமாம். அண்ணன் அதைத்தான் வைத்திருக்கிறார், அதையே எடு என்கிறார்.

பில்லிங்_அக்கா | ஜனவரி 12, மாலை 6.15

எஃப் உங்களுக்குக் கிடையாது அண்ணா. 2020 ஜனவரி 1 முதல் மெடிகேருக்குள் வருகிறவர்களுக்கு அதை மூடிவிட்டார்கள். ஜி-யில் அந்த 283 டாலரை மட்டும் நீங்கள் கட்டுவீர்கள், மற்றபடி அதுவும் இதுவும் ஒன்றுதான்.

என் எடுத்தாலும் அந்த 283 உண்டு. கூடவே டாக்டரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் 50 வரை. ரத்த டெஸ்ட்டுக்கு, எக்ஸ்ரேக்கு இந்த 20 கிடையாது. எங்கள் கவுன்ட்டரில் பாதி சண்டை இதற்குத்தான் வரும்.

உங்கள் மாதிரி நோயாளிகளைத் தினம் பார்க்கிறேன். ஹார்ட் டாக்டர் நாலு தடவை, சர்க்கரை டாக்டர் நாலு, வீட்டு டாக்டர் மூன்று, கண் ஒன்று. பன்னிரண்டு தடவை, 240 டாலர். ஜி-க்கு நீங்கள் அதிகம் கட்டுவது வருடம் 456. இருபத்திரண்டு தடவைக்கு மேல் டாக்டர் வீட்டுப் படி ஏறினால்தான் பிளான் என் எடுத்தது நஷ்டம்.

ஒரு முள் இருக்கிறது. மெடிகேர் ரேட்டை முழுசாக ஒத்துக்கொள்ளாத டாக்டர்கள் அதற்கு மேல் 15% வரை கேட்கலாம். ஜி அதைக் கட்டும், என் கட்டாது. பென்சில்வேனியா, ஓஹையோ மாதிரி சில மாநிலங்களில் அப்படிக் கேட்கவே தடை, டெக்சாஸில் இல்லை. ஆனால் பெரும்பாலான டாக்டர்கள் ஒத்துக்கொள்கிறவர்கள்தான். நீங்கள் பார்க்கிற நாலு பேர் ஆபீஸுக்கும் போன் போட்டு "அசைன்மென்ட் ஏற்கிறீர்களா?" என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை.

கணக்குப்பிள்ளை_ஓய்வு | ஜனவரி 12, இரவு 8.45

அக்கா கணக்கு சரி. அதோடு பத்து வருடம் தள்ளி யோசியுங்கள். அட்வான்டேஜ் மூடிப்போய் நோயோடு வருகிறவர்களுக்குச் சட்டப்படி மறுக்காமல் கொடுக்க வேண்டிய பட்டியலில் ஜி இருக்கிறது, என் இல்லை. அதனால் ஜி கூட்டத்தில் நோயாளிகள் அதிகம் சேர வாய்ப்பு, விலையும் வேகமாக ஏறும். நான் விலை போடுகிறவனாக இருந்தால் அப்படித்தான் போடுவேன்.

பிராண்ட் பார்க்காதீர்கள். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் தவிர நாடு முழுக்க ஜி என்றால் ஒரே ஜி, எழுத்துக்கு எழுத்து. கம்பெனி மாறினால் சாம்பாரில் உப்பு மாறாது, விலைதான் மாறும். ஏஜென்ட்டிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: கடந்த ஐந்து வருடம் எவ்வளவு ஏற்றினீர்கள், வயது ஏற ஏற விலை ஏறுகிற வகையா, ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் சேர்ந்தால் தள்ளுபடி உண்டா. என் மைத்துனர் வெறும் ஆரம்ப விலையைப் பார்த்து 118-க்குச் சேர்ந்தார். ஏழு வருடத்தில் 211.

மெடிகேப்பில் மாத்திரை வராது. பார்ட் டி தனியாக எடுக்க வேண்டும், இப்போது தேவையில்லை என்று தள்ளினால் தள்ளிய ஒவ்வொரு மாதத்துக்கும் 1% அபராதம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்ல செய்தி, 2026-ல் மாத்திரைக்கு உங்கள் கைச்செலவு 2,100 டாலரைத் தாண்டாது. வேலையை விட்ட பிறகும் ஆபீஸ் இன்சூரன்ஸை நம் காசில் தொடர்கிற கோப்ரா இருக்கிறதே என்று பார்ட் பி-யையும் தள்ளாதீர்கள், கோப்ராவை வேலையில் இருப்பதாக மெடிகேர் கணக்கில் எடுக்காது.

காசு வாங்காமல் உட்கார வைத்துச் சொல்லித் தர ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு உதவி மையம் உண்டு. டெக்சாஸில் அதன் பெயர் ஹைகேப். அவர்களுக்குக் கமிஷன் கிடையாது, அதனால் முகத்தில் தனி மலர்ச்சியும் இருக்காது.

காஃபி_டபரா | ஜனவரி 12, இரவு 9.10

போகிற போக்கில் ஒன்று. முன்னனுமதித் தொல்லை எங்களுக்கு மட்டும்தான் என்று சிரிக்காதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து டெக்சாஸ் உட்பட ஆறு மாநிலங்களில் ஒரிஜினல் மெடிகேரிலும் சில சிகிச்சைகளுக்கு முன்னனுமதி முறையைச் சோதனையாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதுகு ஊசி, மூட்டுக்குள் துளை போட்டுச் செய்வது இப்படிச் சில.

பில்லிங்_அக்கா | ஜனவரி 12, இரவு 9.22

அந்த மார்க்கும் உங்களுக்கே.

மலைக்கோட்டை65 | பிப்ரவரி 21, காலை 11.05

ஒரு மாதம் கழித்து வருகிறேன். ஹைகேப்பில் ஒரு அம்மா முக்கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். என் மருந்துப் பட்டியலைத் தட்டி மூன்று பார்ட் டி பிளானை வரிசைப்படுத்திக் கொடுத்தார். நாலு டாக்டர் ஆபீஸுக்கும் போன் போட்டேன், நாலு பேரும் அசைன்மென்ட் ஏற்கிறார்கள்.

என் எடுத்திருக்கிறேன். 114 டாலர் கம்பெனி இல்லை, 117 டாலர் கம்பெனி. முதலாவது ஐந்து வருடத்தில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டதற்கு ஏஜென்ட் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார். இந்த ஆள் தாளை எடுத்துக் காட்டினார்.

விண்ணப்பத்தில் மூன்று பக்கம் உடல்நிலைக் கேள்வி. கடந்த இரண்டு வருடத்தில், கடந்த ஐந்து வருடத்தில் என்று வரிசையாக. பேனாவைத் திறந்துகொண்டு ஸ்டென்ட் தேதியை யோசித்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் தாளை என் கையிலிருந்து வாங்கி, மூன்று பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இது உங்களுக்கு இல்லை சார், அடுத்த பக்கம் போங்கள்" என்றார். வீட்டம்மா பக்கத்தில்தான் இருந்தாள். 65 ஆனால் தனக்கும் இப்படிக் கோடு போடுவார்களா என்று கேட்டாள்.

61-ம் நாளுக்கு ஸ்ரீரங்கம் பேங்க்கில் தனியாக ஒரு ஃபிக்சட் டெபாசிட் போடுகிறேன். கிணற்றடிப் பாசியைச் சுரண்டச் சொல்லி எதிர்வீட்டுப் பையனுக்கும் போன் போட்டாயிற்று.

காஃபி_டபரா | ஜனவரி 10-ல் போட்ட ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன் | பிப்ரவரி 21, பகல் 12.40

வாழ்த்துகள் சார். எல்லாம் சரி, பல்லுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? மெடிகேரும் கட்டாது, உங்கள் என்-னும் கட்டாது.

மலைக்கோட்டை65 | பிப்ரவரி 21, பகல் 12.52

பல்லா? அதற்குத்தான் திருச்சி தில்லைநகர் இருக்கிறதே.